குன்னூர் ஏற்றத்தில் மட்டும் பவர் போன டீசல் வண்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி 1.5 லிட்டர் காமன் ரெயில் டீசல் (ஒரே பொதுக் குழாயில் அதிக அழுத்தத்தில் இருக்கும் டீசலை எல்லா சிலிண்டருக்கும் அடிக்கும் வகை), ஏழு பேர் உட்காரக்கூடியது. எக்ஸாஸ்ட் வேகத்தில் சுற்றி என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ, அதுவும் விஜிடி: வேன் எனும் சின்ன இதழ்களை மூடித் திறந்து பூஸ்டை மாற்றும் வகை, அந்த வேன்களை அசைப்பது வேக்கம் (காற்றை உறிஞ்சுவதால் வரும் இழுப்பு). எக்ஸாஸ்ட் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் வராத காலத்து வண்டி. ஓடியது ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல். எந்தக் கம்பெனி என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. இதே அமைப்பில் என்ஜினைக் குறுக்காகப் படுக்க வைத்த முன்சக்கர டீசல் வண்டி எதிலும் இது நடக்கலாம்.

ஓட்டுபவர் அருவங்காட்டுக்காரர். கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்கும் ஊட்டிக்கும் நடுவே சவாரி. அவர் சொன்ன புகார் இது: "அண்ணா, கீழ எவ்வளவு வேணும்னாலும் மிதிக்கலாம், ஒண்ணும் ஆகாது. மலை ஏறி குன்னூர் கிட்ட வந்தா மாடு மாதிரி படுத்துக்குது. லைட் எரியும். ஓரம் கட்டி ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணா மறுபடி ஓடும். ரெண்டு வளைவு தாண்டுறதுக்குள்ள திரும்பப் படுத்துக்கும்."

ஆள் இல்லாமல் தனியாக ஏறும்போது பெரும்பாலும் வராதாம். ஆறு பேரும் பெட்டியும் இருந்தால் கட்டாயம் வருமாம். பவர் போவதற்கு முன்பு பின்னால் கொஞ்சம் கரும்புகையும் உண்டு. கேட்டு வாங்கிய இந்த மூன்று தகவலும் ஸ்கேனரை விட உபயோகமாக இருந்தன.

மலை மேல் இருக்கும் நம் பட்டறைக்கு வருவதற்கு முன்பே சமவெளியில் ஒரு பட்டறையில் டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மாற்றி, எக்ஸாஸ்டில் ஒரு பங்கை என்ஜினுக்கே திருப்பி விடும் இஜிஆர் வால்வைக் கழற்றிக் கழுவியிருக்கிறார்கள். நேரான ரோட்டில் ஓட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று அனுப்பியிருக்கிறார்கள். இரண்டாவது முறை போனபோது பி0299 என்ற எர்ரரைக் காட்டி, டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே இருந்த எண்ணெய்ப் பசையையும் காட்டி, டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு சீசன் வருமானத்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டிய தொகை. அதனால்தான் இன்னொரு கருத்துக்காக மேலே கொண்டு வந்தார்.

எர்ரர் எதைச் சொல்கிறது

பி0299 என்றால், இசியு (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) கேட்ட காற்றழுத்தம் இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் குழாயில்) வந்து சேரவில்லை. அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்பதை அது சொல்லாது. டர்போ தேய்ந்திருக்கலாம், வேன்கள் மூடாமல் இருக்கலாம், வேக்கம் ஒழுகலாம், டர்போ கொடுத்த காற்று வழியிலேயே வெளியே போகலாம், மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் தப்பாகப் படிக்கலாம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் விட்டு டர்பைனுக்குப் போகவேண்டிய வேகம் குறையலாம். எல்லாவற்றுக்கும் இதே எண்தான்.

குழாயில் எண்ணெய்ப் பசை இருப்பதும் சாட்சியில்லை. என்ஜின் அடிப்பகுதியான கிராங்க்கேஸின் ஆவியை வெளியே விடும் மூச்சுக்குழாய் டர்போவுக்கு முன்னால் உள்ள காற்றுப் பாதையில்தான் வந்து சேர்கிறது. அந்த ஆவியில் இருக்கும் எண்ணெய் டர்போ வழியாக, அமுக்கிய காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர் வரை படிவது சாதாரண விஷயம். மெல்லிய படலம் என்றால் விட்டுவிடலாம். இன்டர்கூலரைக் கழற்றினால் எண்ணெய் ஊற்றுகிறது, நீலப் புகை வருகிறது, டிப்ஸ்டிக் அளவு குறைகிறது என்றால்தான் டர்போ சீலைச் சந்தேகப்பட வேண்டும். இந்த வண்டி சர்வீஸுக்கு சர்வீஸ் ஆயில் குடிக்கவில்லை. ஷாஃப்டைக் கையால் ஆட்டிப் பார்த்தோம். பக்கவாட்டில் லேசான ஆட்டம், முன்னும் பின்னும் சுத்தமாக ஆட்டமில்லை. எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் பேரிங்குக்கு அந்த லேசான ஆட்டம் இருக்கத்தான் வேண்டும். கம்ப்ரஸர் இறக்கைகள் எதுவும் உரசவில்லை, நுனிகள் உடையவில்லை.

எர்ரர் விழுந்த நொடியில் இசியு எடுத்து வைத்த ஃப்ரீஸ் ஃப்ரேமைப் பார்த்தோம். பலர் இதைத் திறப்பதே இல்லை. எர்ரரைப் படித்ததும் அழித்துவிடுகிறார்கள், கூடவே இதுவும் அழிந்துபோகிறது. நல்லவேளை, கடைசியாக விழுந்தது அப்படியே இருந்தது. 2,400 ஆர்பிஎம், ஆக்சிலரேட்டர் முழுதாக மிதித்த நிலை, கூலன்ட் சூடு வழக்கமான அளவு. கேட்ட மேனிஃபோல்டு அழுத்தம் 190 கிலோபாஸ்கல், கிடைத்தது 130. வெளிக்காற்றின் அழுத்தம் 84.

அந்த 84 ஒரு முகவரி. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல் சுமாருக்கு இருக்கும். கோயம்புத்தூரில் 96, ஊட்டியில் (2,240 மீட்டர்) 77 அல்லது 78. 84 என்றால் 1,500 மீட்டரைத் தாண்டிய இடம், அதாவது குன்னூர் ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் கீழே, காட்டேரி பூங்கா பக்கம். ஓட்டுநர் சொன்ன இடமும் அதுதான்.

மலையில் மீட்டரைப் படிப்பது

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் கீழே எழுதப்பட்ட சர்வீஸ் புத்தகத்தை வைத்து மேலே வேலை செய்யும்போது நல்ல பாகம் நிறைய குப்பைக்குப் போகிறது.

சாவியைப் போட்டு என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மேப் சென்சாரைப் படித்தால் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். குன்னூரில் 81, 82 வரும். "100 வரவேண்டியது 82 காட்டுது, சென்சார் அவுட்" என்று மாற்றியவர்களை எனக்குத் தெரியும். பாரோமீட்டர் சென்சார் காட்டும் எண்ணோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த வண்டியில் இரண்டும் 82. மேப் சென்சார் தேறியது.

வேக்கம் கேஜும் அப்படித்தான். வேக்கம் பம்ப் நன்றாக இருந்தால் 26, 27 இஞ்ச் மெர்க்குரி வரவேண்டும் என்று படித்துவிட்டு ஊட்டியில் கேஜை மாட்டினால் ஒரு வண்டியும் தேறாது. அங்கே மொத்தக் காற்றழுத்தமே 23 இஞ்ச்தான். குன்னூரில் 24. இல்லாத காற்றை எந்தப் பம்பாலும் உறிஞ்ச முடியாது. நமக்கு 22-க்கு மேல் வந்தது, அது நல்ல பம்ப்.

வண்டி கம்ப்யூட்டரைப் போனில் படிக்கும் சில ஓபிடி ஆப்புகளும் மேனிஃபோல்டு அழுத்தத்திலிருந்து கடல்மட்ட அழுத்தத்தைக் கழித்து "பூஸ்ட்" என்று காட்டும். ஊட்டியில் அது கிட்டத்தட்ட மூன்றரை பிஎஸ்ஐ குறைவாகத் தெரியும். கழித்த கணக்கை நம்பாமல், கழிக்காத முழு அழுத்தத்தைப் பார்ப்பது நல்லது.

ஏற்றத்தில் எடுத்த அளவு

வேக்கம் குழாய்களை முதலில் பார்த்துவிட்டோம். மழைக்காலத்தில் பானெட்டுக்குள் சூடு தேடி வரும் எலி இந்தக் குழாய்களைக் கடிப்பது எங்கள் பக்கம் சகஜம். கடி இல்லை. கைப்பம்பால் வேக்கம் கொடுத்ததும் வேன்களை அசைக்கும் ஆக்சுவேட்டர் ராடு தடையில்லாமல் முழுதும் இழுத்தது, பம்பை நிறுத்திய பிறகும் பிடித்து நின்றது. விட்டதும் திக்காமல் திரும்பியது. வேன்கள் கரி பிடித்து மாட்டிக்கொண்டிருந்தால் இப்படி வராது. அப்போது பூஸ்ட் குறைவதும் எகிறுவதுமாக இருக்கும், பி0234 என்ற ஓவர்பூஸ்ட் எர்ரரும் அடிக்கடி கூடவே வரும். ராடின் முனையில் உள்ள ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகிப் பூஸ்டை ஏற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை யாரும் தொடவில்லை என்று பெயின்ட் குறியைப் பார்த்து உறுதி செய்துகொண்டோம்.

பிறகு ஆள் ஏற்றிக்கொண்டு பர்லியார் வரை இறங்கி, அங்கிருந்து செகண்ட் கியரில் ஏறினோம். லேப்டாப் பின் சீட்டில். பதிவு செய்தவை: கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், உள்ளே நுழையும் காற்றை எடைபோடும் ஏர்ஃப்ளோ மீட்டர், விஜிடி சாலினாய்டுக்கு (வேன்களுக்குப் போகும் வேக்கத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு) இசியு கொடுக்கும் டியூட்டி (வேனை எவ்வளவு மூடச் சொல்கிறது என்ற அளவு), ரெயில் பிரஷர் (பொதுக் குழாயில் டீசலின் அழுத்தம்).

ரெயில் பிரஷர் கேட்டதும் கிடைத்ததும் ஒன்றோடொன்று ஒட்டியே ஓடின. டீசல் பக்கம் முடிந்தது. ஃபில்டர் அடைத்து டீசல் வராமல் போனால் இந்தக் கோடு சரியும், கரும்புகையும் இருக்காது, டீசல் அழுத்தம் குறைவு என்ற பி0087 விழும். புகையோடு பவர் போகிறது என்றால் டீசல் இருக்கிறது, காற்று இல்லை. அந்த வகையில் முதல் முறை மாற்றிய டீசல் ஃபில்டர் வீண் செலவு, ஆனால் எப்படியும் மாற்ற வேண்டிய சாமான்தான், போகட்டும்.

மரப்பாலம் தாண்டி ஒரு வளைவை எடுத்து முழுதாக மிதித்ததும் டியூட்டி உச்சத்துக்குப் போய் அங்கேயே நின்றது. இசியு தன்னால் முடிந்தவரை வேனை மூடச் சொல்கிறது, அழுத்தம் வரவில்லை. மேனிஃபோல்டில் 130. அதே நொடியில் ஏர்ஃப்ளோ மீட்டர் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 620 மில்லிகிராம் காட்டியது.

வழக்கு முடிந்தது இந்த இரண்டு எண்களில்தான். 1.5 லிட்டரை நாலு சிலிண்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 375 சிசி. 130 கிலோபாஸ்கலில், இன்டர்கூலரைத் தாண்டி 50 டிகிரி சூட்டில் வரும் காற்று, சிலிண்டர் நிரம்பும் திறனையும் கழித்துப் பார்த்தால், ஒரு சிலிண்டருக்குள் 460 மில்லிகிராம் சுமார்தான் போக முடியும். உள்ளே நுழைந்ததாக மீட்டர் சொல்வது 620. நாலில் ஒரு பங்கு காற்றைக் காணோம். ஏர்ஃப்ளோ மீட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே எங்கோ வெளியே போகிறது.

டர்போ பலவீனமாக இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே குறைந்திருக்கும்: 130-க்கு 460 காட்டியிருக்கும். இஜிஆர் திறந்தபடி மாட்டியிருந்தால் தலைகீழாக, அழுத்தம் இருக்கும், மீட்டரில் காற்று குறையும், ஏனென்றால் சிலிண்டரில் பாதி இடத்தை எக்ஸாஸ்ட் பிடித்துக்கொள்ளும். மீட்டரே தப்பாகக் காட்டுகிறதோ என்ற சந்தேகமும் வரலாம். பூஸ்ட் இல்லாமல் மெதுவாக ஓட்டும்போது அதே கணக்கைப் போட்டோம், இரண்டும் பொருந்தின. சென்சார் கோளாறு என்றால் எப்போதும் பொருந்தாது. ஒழுக்கு மட்டும்தான் அழுத்தம் ஏற ஏறப் பெரிதாகும்.

கரும்புகைக்கும் விடை இதுதான். 620 மில்லிகிராம் காற்று வந்ததாக நம்பி இசியு அதற்குத் தகுந்த டீசலை அடிக்கிறது. அவ்வளவு காற்று உள்ளே போய்ச் சேரவில்லை. மிச்ச டீசல் புகையாகிறது. சில நொடி இதே நிலை நீடித்ததும் இசியு எர்ரரைப் போட்டு, டீசலைக் குறைத்து, பூஸ்டைக் கைவிட்டு லிம்ப் மோடுக்கு (என்ஜினைக் காப்பாற்ற பவரைக் குறைத்து ஓட்டும் நிலைக்கு) போய்விடுகிறது. ஒழுக்கு கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. பவர் மட்டும் ஒரே நொடியில் போகிறது, அது கம்ப்யூட்டர் எடுக்கும் முடிவு என்பதால். சாவியை ஆஃப் செய்து போட்டால் அந்த முடிவு ரத்தாகும், ஓட்டை இருக்கும் இடத்தில் இருக்கும்.

ஓட்டை எங்கே

புகை மெஷினைப் போட்டோம். ஒன்றும் தெரியவில்லை. அது ஒரு பிஎஸ்ஐ அளவுக்குத்தான் தள்ளும், ரப்பர் கிழிசலின் உதடுகளைப் பிரிக்க அது போதாது. எனவே ஏர் ஃபில்டருக்குப் பின்னால் குழாயை அடைத்து, கிராங்க்கேஸ் மூச்சுக்குழாயைப் பிரித்து இரண்டு பக்கமும் மூடி, ரெகுலேட்டர் வைத்து கம்ப்ரஸர் காற்றை ஒரு பார் (சுமார் 14.5 பிஎஸ்ஐ) வரை மெல்ல ஏற்றினோம். மூச்சுக்குழாயைப் பிரிக்காமல் இதைச் செய்தால் காற்று கிராங்க்கேஸுக்குள் போய் ஆயில் சீலைத் தள்ளிவிடும், ஜாக்கிரதை. சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தால் இன்டர்கூலரிலிருந்து மேனிஃபோல்டுக்கு வரும் ஹோஸின் அடிப்பக்கத்தில் பொடிப் பொடியாகக் கொஞ்சம் நுரை. நாலில் ஒரு பங்கு காற்று போகிற ஓட்டை அது இல்லை.

பையன் ஒருவன் லிவரைக் கொடுத்து என்ஜினைப் பின்பக்கமாக நெம்பினான். புஸ்ஸென்று அடித்தது. விட்டால் நின்றுபோகிறது, நெம்பினால் அடிக்கிறது.

ஹோஸைக் கழற்றினோம். அடியில் விரல் நீளத்துக்குக் கிழிசல். கையில் வைத்து நேராகப் பிடித்தால் கோடு கூடத் தெரியாது, வளைத்தால்தான் வாய் திறக்கிறது. உள்ளே துணிப் பின்னல் நைந்து நூல்நூலாக நிற்கிறது. மூச்சுக்குழாய் எண்ணெயில் ஊறி அந்த இடத்து ரப்பர் கொழகொழவென்று ஆகியிருந்தது. நேர் எதிரே பேட்டரி தட்டின் பிராக்கெட் முனை, பெயின்ட் போய் வெள்ளியாக மின்னியது. அதற்குக் கீழே இருந்த இரும்பில் விசிறி போல் விரிந்த கறுப்பு எண்ணெய்த் தூசி. இந்தத் தூசியை மேலிருந்து டார்ச் அடித்தால் பார்க்க முடியாது. வண்டியைத் தூக்கிக் கீழிருந்து பார்க்க வேண்டும்.

ஹோஸை மாற்றி அனுப்பியிருந்தால் ஒரு வருஷம் ஓடியிருக்கும். ஆனால் கிளாம்பைப் பார்த்தபோதே தெரிந்தது, இது கம்பெனி கிளாம்ப் இல்லை. கேட்டதும் சொன்னார்: "ஆமாண்ணா, போன வருஷம் இதே ஹோஸ் மாத்துனேன். அப்பவும் இதே மாதிரிதான் படுத்துச்சு." இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். யாரும் சொல்வதில்லை, கேட்டால்தான் வரும்.

சரி, அதே இடத்தில் இரண்டு முறை ஏன் கிழிகிறது? ஹேண்ட்பிரேக்கும் கால்பிரேக்கும் பிடித்து, ஃபர்ஸ்ட் கியரில் கிளட்சை லேசாக விடச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்தோம். முன்னால் யாரும் நிற்கக் கூடாது. என்ஜின் பின்பக்கம் சாய்ந்து ஹோஸ் போய் பிராக்கெட்டில் இடித்தது. ரிவர்ஸில் அதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. கீழே என்ஜினை முன்பின் ஆடாமல் பிடிக்கும் டார்க் ராடின் ரப்பர் புஷ் முழுக்கப் பிய்ந்து, இரும்பு இரும்போடு இடித்துக்கொண்டிருந்தது. கியர்பாக்ஸ் பக்கத்தில் என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கும் இறங்கியிருந்தது.

ஏன் மலையில் மட்டும்

மேலே காற்று மெலிது, அதனால் வண்டி இழுக்காது என்பது பொதுவான பதில். டர்போ வண்டிக்கு அது பாதி உண்மை. இசியு கேட்பது முழு அழுத்தக் கணக்கில் 190. கோயம்புத்தூரில் வெளியே 96 இருக்கிறது, டர்போ மேற்கொண்டு 94 கொடுத்தால் போதும். குன்னூருக்குக் கீழே வெளியே 84, டர்போ 106 கொடுக்க வேண்டும். ஹோஸின் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம்தானே அதைப் பிளக்கிறது, அது மலையில்தான் அதிகம். டர்போவும் கீழே காற்றை இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாக அமுக்கினால் போதும், மேலே இரண்டே கால் மடங்கு அமுக்க வேண்டும். கொஞ்சம் ஒழுகினால் கீழே வேனை இன்னும் மூடி ஈடுகட்டிவிடும். மேலே அதற்கு மிச்சம் இல்லை. இன்னும் உயரம் போனால் டர்போ அளவுக்கு மீறிச் சுற்றாமல் இருக்க இசியுவே கேட்கும் அளவைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் சில வண்டிகள் குன்னூருக்குக் கீழே படுத்துக்கொண்டு, லவ்டேல் பக்கம் சமாளித்து ஓடும்.

அதைவிடப் பெரிய காரணம் கியர். குறுக்கே வைத்த என்ஜினில் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு முழுவதும் எதிர்வினையாக மவுண்டிங்கில்தான் வந்து விழும். அவிநாசி ரோட்டில் ஐந்தாவது கியரில் எவ்வளவு மிதித்தாலும் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு குறைவு, என்ஜின் பெரிதாகச் சாயாது. கல்லாறு தாண்டி கொண்டை ஊசி வளைவில் செகண்டில் மிதிக்கும்போது அது பல மடங்கு. பூஸ்ட் உச்சமும் என்ஜின் சாய்வு உச்சமும் ஒரே நேரத்தில் வருவது அங்கேதான். மே மாதம் மேலே போகிற வண்டிகளையெல்லாம் இந்தப் பாதையில் ஒருவழியாக விட்டு, இறங்குவதைக் கோத்தகிரி வழியாகத் திருப்பும்போது, ஆள் நிறைத்துக்கொண்டு மணிக்கணக்கில் இதே கியரில் ஊர்ந்து ஏறுகிறார்கள். தனியாக ஏறும்போது வராததும் இதனால்தான். நேரான ரோட்டில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருந்தாலும் அந்தப் பட்டறைக்கு இது கிடைத்திருக்காது.

செய்தது

டார்க் ராடு, கியர்பாக்ஸ் மவுண்டிங், புது ஹோஸ், அதற்குரிய கம்பெனி கிளாம்ப். பிராக்கெட் முனையை மடக்கிவிட்டோம். இன்டர்கூலரைக் கழற்றித் தேங்கியிருந்த கொஞ்சம் எண்ணெயை வடித்தோம். டர்போவைத் தொடவில்லை. எல்லாம் சேர்த்துச் செலவு, டர்போவுக்குச் சொன்ன தொகையில் சின்னப் பங்கு.

அதே ஆட்கள், அதே பாதை, அதே கியர். மேனிஃபோல்டில் 187, ஏர்ஃப்ளோ 660. கணக்குப் போட்டால் 655 வருகிறது, பொருந்துகிறது. டியூட்டி உச்சத்தில் ஒட்டிக்கொள்ளாமல் நடுவிலேயே நின்று வேலை செய்தது. புகை இல்லை. ஊட்டி வரை போய்த் திரும்பினோம்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் என்றால் இந்த ஆய்வில் இன்னொரு கட்டம் சேரும்: டிபிஎஃப்புக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தையும் கரி அளவையும் முதலிலேயே பார்க்க வேண்டும். மலைக்குள்ளேயே குறுகிய தூரம் ஓடுகிற வண்டியில் டிபிஎஃப் பிடித்த கரி எரிந்து தீர நேரம் கிடைக்காமல் அடைத்துக்கொண்டு, இதே போல பவரைப் பறிக்கும்.

இந்த வண்டியில் பாக்கி ஒன்று உண்டு. கீழே இஜிஆரைக் கழுவியபோது பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருக்கிறார்கள், காலையில் ஸ்டார்ட் செய்ததும் லேசாக டிக் டிக் என்று எக்ஸாஸ்ட் சத்தம் வருகிறது. கேஸ்கெட் வரச் சொல்லியிருக்கிறது. அடுத்த ஆயில் சர்வீஸில் மாற்றும்போது மவுண்டிங் போல்ட்டுகளையும் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும்.